வராதவரைத் தேடுவது யார்? திருச்சபையில் சிறுகுழு ஊழியம் பற்றி ஒரு பாடம்



பிழைப்புக்காக மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் ஏராளம். ஊரிலிருந்து வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு தமிழ் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கட்டிக் கொண்டு வந்தோம். கூடிப் பாட ஓர் இடம் தேடினோம். கிடைத்த மண்டபத்தில் தமிழ் ஆராதனையைத் தொடங்கினோம். அப்படி உருவான சபைகள் இன்று இரண்டு மூன்று தலைமுறைகளைக் கண்டுவிட்டன.

இத்தகைய சபைகளில், வீடுகளில் கூடும் சிறுகுழு ஊழியத்தைத் தொடங்குவது எப்படி, அதற்கு என்ன தரிசனம் வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் பொருள். தரிசனம் என்று நான் சொல்வது கனவில் காணும் காட்சியை அல்ல. நாம் எதற்காகக் கூடுகிறோம், என்ன நடந்தால் இந்த வேலை பயன் தந்தது என்போம் என்பதைப் பற்றிய தெளிந்த பார்வையே தரிசனம். மற்றச் சமய நண்பர்களும் இதை வாசிக்கலாம். பஜனை மண்டலிக்கும் சங்கக் கிளைக்கும் பொருந்தும் செய்தி இதில் உண்டு.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ரசீதுப் புத்தகத்தோடு போன நாள்

1997-இல் நான் எங்கள் சபையின் செயலர். ஏறத்தாழ அறுபது குடும்பங்கள். தாணே, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் என்று மத்திய ரயில் பாதை நெடுகிலும் இருந்து வருவார்கள். ஆராதனை முடிந்ததும் அவரவர் ரயிலைப் பிடிக்க ஓடுவோம்.

கடைசி வரிசையில் உட்காரும் ஓர் அண்ணன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லாரும் போன பின் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுத்தான் அவர் புறப்படுவார். யாரும் அவருக்குக் கொடுத்த வேலை அல்ல அது.

அறுப்பின் பண்டிகைக்கு முந்திய கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் சந்தா பாக்கிப் பட்டியலை வாசித்தார். அந்த அண்ணன் பெயருக்கு எதிரே ஐந்து மாதப் பாக்கி. "ஊருக்குப் போயிருப்பார்" என்றார் ஒருவர். "வேறு சபைக்குப் போகிறாரோ என்னவோ" என்றார் இன்னொருவர். ஐந்து மாதமாக நாற்காலிகளை யார் மடக்குகிறார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்பர்நாத்துக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மகள். உள்ளே கட்டிலில் அண்ணன் படுத்திருந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச முயன்றார், சொல் வெளியே வரவில்லை. மகள் கல்லூரியை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னாள்.

அக்கா என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய் ஒரு டப்பாவைக் கொண்டு வந்தார். "அஞ்சு மாசம் நிக்குது தம்பி. இப்ப ரெண்டு மாசத்துக்கு வாங்கிக்கிடுங்க. மீதியைக் கிறிஸ்மசுக்குள்ள குடுத்திருதோம்" என்றார்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் கஞ்சியோடு வந்தார். அண்ணன் விழுந்த இரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். "நீங்கள் இவருடைய ஊரா?" என்று இந்தியில் கேட்டார். "இல்லை, ஒரே சபை" என்றேன். "அப்படியா? இதற்குமுன் உங்களைப் பார்த்ததில்லையே" என்றார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பதில் இல்லை.

அன்று மாலை ரயிலில் திரும்பும்போது ஒரே கேள்வி மனதில் நின்றது. சந்தா நிலுவை எங்களுக்குத் தெரிந்தது. மனிதர் விழுந்தது தெரியவில்லை. இது யாருடைய குற்றம்? ஆயர் ஒருவர், அவருக்கு மூன்று சபைகள். அவரைச் சொல்லிப் பயனில்லை. ஒருவர் வராவிட்டால் அதைக் கவனிக்க எங்கள் அமைப்பில் இடமே இல்லை. அதுதான் குறை.

கடனில் பிறந்த குழு

சில மாதங்கள் கழித்து சபை வரலாறு ஒன்றைப் படித்தபோது வியந்தேன். 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் சங்கத்தார் ஒரு கடனைப் பற்றிப் பேசக் கூடினார்கள். கூடம் கட்டிய கடன் தீராமல் இருந்தது. வாரம் ஒரு பென்னி ஒவ்வொருவரும் கொடுக்கட்டும் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். பலர் பரம ஏழைகள், அவர்களால் அதுவும் ஆகாது என்று மறுப்பு எழுந்தது. அப்படியானால் மிக ஏழைகளான பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டார் அவர். வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குத் தாமே போவதாகவும், கொடுக்க இயலாதவர்களுக்குத் தாமே ஈடு செய்வதாகவும் சொன்னார். மற்றவர்களும் அவ்வாறே முன்வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று ஏற்பாடாயிற்று.

வீடு வீடாகப் போனவர்கள் பணத்தை மட்டும் கொண்டு வரவில்லை. யார் தடுமாறுகிறார், யார் வீட்டில் என்ன நிலை என்ற செய்தியும் அவர்களோடு வந்தது. நெடுநாளாகத் தாம் தேடியது இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். ஆனால் எல்லா வீட்டுக்கும் போகத் தலைவர்களுக்கு நேரம் போதவில்லை. பிறர் வீட்டில் வேலை செய்தோரை அங்கே போய்ச் சந்திக்க எஜமானர்கள் இடம் தரவில்லை. ஆகவே வாரம் ஒருமுறை பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடும் வழக்கம் வந்தது. மெதடிஸ்டு இயக்கத்தின் வகுப்புக் கூட்டங்கள் பிறந்த கதை இது.

நானும் சந்தா வாங்கத்தான் போனேன். ஆனால் எங்கள் ரசீதுப் புத்தகம் ஐந்து மாதம் தாமதமாகப் போயிற்று!

இது நமக்கு அந்நியமான வரலாறு அல்ல. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென்னாட்டு மெதடிஸ்டு சபையாரும் அதில் இணைந்தார்கள். இன்னும் பின்னே போனால், 1670-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற போதகர் தம் வீட்டில் சிறு கூட்டங்களைத் தொடங்கினார். அவர் தூண்டிய பக்தி இயக்கத்தின் பெரிய மையமாக ஹாலே நகரம் விளங்கியது. அந்த இயக்கத்தில் உருவானவர்களே 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும். தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபையில் இதே வேலையைச் செய்யும் அண்டை வீட்டாரின் குழுக்களுக்கு 'அன்பியம்' என்ற அழகிய பெயரே உண்டு.

வேதம் காட்டும் மூன்று வீடுகள்

நம் சிந்தனைக்கு மூன்று வேதபகுதிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, யாத்திராகமம் 18. மோசே காலைமுதல் மாலைவரை தனியே உட்கார்ந்து மக்களின் வழக்கைக் கேட்கிறார். மாமனார் எத்திரோ அதைக் கண்டு, இப்படிச் செய்தால் நீரும் சோர்ந்துபோவீர், மக்களும் சோர்ந்துபோவார்கள் என்று எச்சரிக்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பிரித்துத் தலைவர்களை வைக்கச் சொல்கிறார். பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பத்துப் பேரின் முகத்தையும் வீட்டையும் ஒருவர் மனதில் வைத்திருக்க முடியும்.

இரண்டாவது, அப்போஸ்தலர் 6. எருசலேம் சபை வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் நடுவில் கிரேக்க மொழி பேசும் யூத விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். மொழியால் சிறுபான்மையினராய் இருப்பவர்களே முதலில் கவனத்திலிருந்து நழுவுகிறார்கள் என்பது புலம்பெயர்ந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுப்பாளர்கள் ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்!

மூன்றாவது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்தவர், ரோமாபுரியில் வாழ்ந்தவர். யூதர்கள் வெளியேற வேண்டும் என்று கிலவுதியு இராயன் கட்டளையிட்டதால் மனைவியோடு கொரிந்துவுக்கு வந்தார். தொழில் கூடாரம் செய்வது. பிறகு எபேசு, பின்னர் மீண்டும் ரோமாபுரி. ஊர் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை கூடியது என்று பவுலின் நிருபங்கள் சொல்கின்றன. ஒண்டுக்குடித்தனம் மாறிக்கொண்டே இருந்த நம்மவர்களுக்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு வேறு எது?

ஒரே வாக்கியத்தில் தரிசனம்

எங்கள் கமிட்டியில் சிறுகுழு பற்றிப் பேச்செடுத்தபோது பலர் பல நோக்கங்களைச் சொன்னார்கள். சபை எண்ணிக்கை கூடும் என்றார் ஒருவர். வேத அறிவு வளரும் என்றார் ஒருவர். காணிக்கை பெருகும் என்றும் ஒரு குரல் வந்தது. எல்லாம் நல்லவையே. ஆனால் எல்லாவற்றையும் நோக்கமாக வைத்தால் எதையும் அளக்க முடியாது.

மூன்று கூட்டங்கள் பேசி முடித்து ஒரு வாக்கியம் எழுதினோம்: நம் சபையில் ஒருவர் வராவிட்டால், அந்த வாரம் முடிவதற்குள் அவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டியிருக்க வேண்டும்.

இது பெரிய வார்த்தை அல்ல; ஆனால் நடந்ததா இல்லையா என்று எவரும் சொல்லிவிடலாம். குழு எங்கே, எத்தனை பேர், யார் தலைவர் என்ற எல்லாக் கேள்விக்கும் இந்த வாக்கியமே விடை தந்தது.

எங்கள் அனுபவத்தில் கண்ட வழிகள்

1. வரைபடத்தோடு தொடங்குங்கள். குடும்பப் பதிவேட்டை எடுத்து, எந்த ரயில் நிலையத்துக்கு எத்தனை வீடு என்று எழுதினோம். நடந்துபோய்க் கதவைத் தட்டும் தூரத்தில் இருப்பவர்களே ஒரு குழு. மும்பையில் ஞாயிறுதோறும் பாதைப் பராமரிப்புக்கென்று 'மெகா பிளாக்' வருவது நமக்குத் தெரிந்ததே. ரயில் இல்லாத நாளிலும் குழு கூட முடிய வேண்டும். ஊர்வாரியாகப் பிரித்தால் ஒட்டுதல் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் ஏற்கவில்லை. ஊர் என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்து வருவதை எல்லாரும் அறிவோம். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படியும் விசாரிப்பார்கள். சொந்தம் இல்லாதவரை விசாரிக்கவே சபை வேண்டும்.

2. ஒன்றே ஒன்றைத் தொடங்குங்கள். எல்லாப் பகுதியிலும் ஒரே நாளில் தொடக்க விழா வைக்கும் ஆசை வரும். வேண்டாம். நாங்கள் அம்பர்நாத்தில் ஒரு குழுவை மூன்று மாதம் நடத்திப் பார்த்தோம். தவறுகளை அங்கே செய்து கற்றுக்கொண்டோம். பிறகு அடுத்தது.

3. எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். பதினைந்தைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். பிரிவது வருத்தமாக இருக்கும். ஆனால் இருபது பேர் உட்கார்ந்தால் நான்கு பேர்தான் பேசுவார்கள்; மற்றவர்கள் மீண்டும் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள்.

4. பேசுகிறவரைவிட, கேட்கிறவரைத் தலைவராக்குங்கள். நன்றாகப் பிரசங்கம் செய்பவரை நியமித்தால் இன்னொரு ஆராதனைதான் நடக்கும். நேற்று நீங்கள் சொன்ன வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்பவரே தலைமைக்கு ஏற்றவர். எங்கள் சபையில் அத்தகையவர்கள் பெரும்பாலும் பெண்கள். தயங்கியவர்களுக்குப் பிரிஸ்கில்லாளை நினைவூட்டினோம். தென் கொரியாவின் சியோல் நகரில் யோயிதோ சபையின் போதகர் யோங்கி சோ 1964-இல் நோயுற்று விழுந்தபோது, வீட்டுக் குழுக்களை ஏற்று நடத்தி அச்சபையைத் தாங்கியவர்களும் பெண்களே. அதே போதகர் 2014-இல் சபைப் பணம் தொடர்பான வழக்கில் தண்டனை பெற்றதும் ஒரு பாடம். எல்லாரையும் விசாரிக்க ஆள் வைத்த சபையில், தலைவரை விசாரிப்பது யார்? எங்கள் ஆயரும் ஒரு குழுவில் சாதாரண உறுப்பினர். எங்கள் கணக்கைக் குழுக்கள் எல்லாம் பார்க்கலாம்.

5. ஒற்றை அறை வீட்டிலும் கூடும்படி இருக்கட்டும். முதல் மாதத்தில் ஒரு வீட்டில் வடை, அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்த வீட்டில் பிரியாணி என்று ஏறிக்கொண்டே போயிற்று. நான்காம் வாரம் முறை வந்த குடும்பம், அன்று வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்பியது. உண்மை எங்களுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து டீயும் பிஸ்கட்டும் மட்டுமே என்று விதி. பணக்கார வீட்டிலும் அதே டீ, அதே பிஸ்கட். இந்தச் சிறு விதி இல்லாவிட்டால் எந்த வீட்டுக்காக இதைத் தொடங்கினோமோ அந்த வீடே விலகிவிடும்.

6. ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். பாட்டுக்குப் பத்து நிமிடம், வேதபகுதிக்கு முப்பது, அவரவர் வாரத்தைப் பற்றிப் பேச முப்பது, ஜெபத்துக்குப் பதினைந்து. கடைசி ஐந்து நிமிடம் மிக முக்கியம். யார் வரவில்லை, யார் போய்ப் பார்ப்பது என்று பெயர் குறித்துக்கொண்டுதான் கலைய வேண்டும்.

7. பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. ஒரே வசனத்தைப் பெரியவர் தமிழில் வாசிக்கட்டும். பிள்ளை தனக்குத் தெரிந்த இந்தியிலோ மராட்டியிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கட்டும். அர்த்தம் ஒன்றுதானா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். அந்த ஆர்வத்திலேயே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எங்கள் குழுக்களில் உண்டு.

8. மூன்று வேலிகள் போடுங்கள். குழுவில் பேசியது குழுவைத் தாண்டக்கூடாது. குழுவுக்குள் சீட்டுப் பிடிப்பதோ கடன் கொடுக்கல் வாங்கலோ கூடாது. உதவி தேவையானால் சபையின் உதவி நிதி வழியே போகட்டும். சபைத் தேர்தல் பேச்சு கூடாது. இந்த மூன்றில் ஒன்று உடைந்தாலும் குழு உடையும். இரண்டாவது வேலியை நாங்கள் பட்ட பிறகுதான் போட்டோம்.

9. சபையிலிருந்து பிரியாதிருங்கள். குழுக்கள் தனிச் சபைகளாகிவிடும் என்று ஆயர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. மாதம் ஒருமுறை எல்லாக் குழுத் தலைவர்களும் ஆயரோடு கூடட்டும். குழுவுக்கெனத் தனிக் காணிக்கை வேண்டாம்.

சோதனை வந்த நாட்கள்

2005 ஜூலை 26-ஐ மும்பைவாசிகள் எவரும் மறக்க இயலாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. உல்லாஸ் நதி பெருகிக் கல்யாண், பத்லாப்பூர் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ரயில் நின்றது, தொலைபேசி வேலை செய்யவில்லை. எங்கள் அம்பர்நாத் குழுவினர் மறுநாள் மாலைக்குள் தங்கள் வீடுகள் அனைத்துக்கும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டார்கள். குழு தொடங்காத ஒரு பகுதியில் எங்கள் குடும்பங்களின் நிலையை அறிய எட்டு நாட்கள் ஆயின. அந்த எட்டு நாட்களே, அதுவரை தயங்கியவர்களுக்கு விளக்கம்.

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது கோயில் கதவு மூடியது. ஆராதனை கைப்பேசித் திரைக்கு வந்தது. யார் வீட்டில் அரிசி தீர்ந்தது, யாருக்குச் சர்க்கரை மாத்திரை கிடைக்கவில்லை என்பதைத் திரை சொல்லவில்லை. பத்து வீட்டுக் குழு சொன்னது. இன்று எல்லாச் சபைக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நல்லதே. ஆனால் இருநூறு பேர் காலை வணக்கம் அனுப்பும் இடத்தில், வணக்கம் அனுப்பாத ஒருவரை யார் கவனிக்கிறார்? வசதி கூடியதால் விசாரிப்புக் கூடிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். எங்கள் குழுக்களில் இரண்டு நின்றுபோயின. ஒன்று, தலைவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது துணைத் தலைவர் என்று ஒருவரை நாங்கள் வளர்த்து வைக்காததால். மற்றொன்று, மேலே சொன்ன சீட்டுப் பணத் தகராறால். இவற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

பெயர் நோட்டு

முதல் குழு அந்த அண்ணன் வீட்டில்தான் கூடியது. அவரால் வர முடியாது என்பதால் நாங்கள் போனோம். முதல் நாள் அக்கா கதவைத் திறந்ததும் அந்த டப்பாவை எடுக்கப் போனார். "இன்றைக்கு ரசீதுப் புத்தகம் கொண்டு வரவில்லை அக்கா" என்றேன். ஐந்து மாதச் சந்தாவைக் கமிட்டி தள்ளுபடி செய்திருந்தது. ஆனால் அக்கா பிற்பாடு அதை முழுவதும் கட்டினார். வேண்டாம் என்றும் கேட்கவில்லை. மகள் இரண்டு ஆண்டு கழித்து மாலைக் கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடித்தாள்.

அண்ணனுக்குப் பேச்சு ஓரளவு திரும்பியது. வலது கை திரும்பவில்லை. இடது கையால் எழுதப் பழகினார். குழுவின் பெயர் நோட்டை அவரிடம் கொடுத்தோம். வந்தவர்களுக்கு எதிரே ஒரு கோடு. வராதவர்கள் பெயரைச் சுற்றி ஒரு வட்டம். கூட்டம் கலையும் நேரத்தில் வட்டம் போட்ட பெயரை மெதுவாக வாசித்து, யார் போவது என்பதுபோல் எங்கள் முகத்தைப் பார்ப்பார். ஒருவர் கை தூக்கும்வரை நோட்டை மூடமாட்டார். 2011-இல் அவர் இறந்தார். இப்போது அந்த நோட்டை எழுதுவது அவர் மகள்.

அன்பானவர்களே, உங்கள் சபையிலோ சங்கத்திலோ கூடிப் பேசுவதற்கு நான்கு கேள்விகளை வைத்து இப்பாடத்தை முடிக்கிறேன்.

1. கடந்த மூன்று மாதங்களில் நம் கூடுகைக்கு வருவதை நிறுத்தியவர்கள் யார்? அவர்கள் பெயரை இப்போதே எழுத முடியுமா?

2. அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு நாம் போனோம்? எதற்காகப் போனோம்?

3. நம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நம் சபையார் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

4. நம் சிறுகுழுவின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில், நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய விதத்தில் எழுத முடியுமா?

முதல் கேள்விக்கு ஒரு பெயர் உங்கள் நினைவுக்கு வந்திருந்தால், குழு அமையும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய்ப் பார்த்து வாருங்கள்.